பதினைந்து கைகள்

“கை.”

அந்த ஒற்றைச் சொல்லுக்கு, தீவன ஆலையின் கலவைத் தொட்டியைச் சுற்றி வேலை செய்யும் எட்டுப் பேரும் துடுப்பையும் கூடையையும் போட்டது போட்டபடி போட்டுவிட்டு நடந்து வருவார்கள். சுவிட்சுக்கு எதிரே தரையில் சுண்ணாம்பால் இழுத்த வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. அதன்மேல் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குவார்கள். முதல் முறை பார்ப்பவர்களுக்கு, ஆலைக்குள் கொள்ளைக்காரர்கள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இயந்திரத்தை இயக்கும் சுவிட்சக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை நீட்டி, ஒவ்வொரு கையாக வாய்விட்டு எண்ணுவார். பதினைந்து வந்தால் சுவிட்சைப் போடுவார். பதினான்கு வந்தால் போடமாட்டார். நடுவில் யாராவது மூக்கைச் சொறிய ஒரு கையை இறக்கினால், விட்ட இடத்திலிருந்து தொடரும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்த ஆளை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து.

எட்டுப் பேருக்குப் பதினாறு கைகள் அல்லவா என்று கணக்கில் கெட்டிக்காரரான வாசகர் கேட்பார். எட்டாவது ஆள் எடைக்காரர். சுவிட்சக்காவின் தம்பி. அவருடைய இடது கை முழங்கையோடு நின்றுவிடுகிறது. மிச்சம் இந்தத் தொட்டியில் போனது.

ஆலை ஊருக்குச் சொந்தம். வீட்டுக்கு ஒரு பங்கு. மொத்தம் முந்நூறு சொச்சம் முதலாளிகள். சோளம், பிண்ணாக்கு, தவிடு, உப்பு எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து மாட்டுத்தீவனமாக மூட்டை கட்டி அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். ஊரே முதலாளியாகிவிட்டதால், முதலாளியைத் திட்டும் சுகம் ஊரில் ஒருவருக்கும் இல்லாமல் போயிற்று. சுவிட்சக்கா மட்டும் இந்த நஷ்டத்துக்கு ஆளாகவில்லை. அவர் முந்நூறு பேரையும் தனித்தனியாக, பாரபட்சம் இல்லாமல் திட்டிவருகிறார்.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். குச்சி போன்ற உடம்பு. குரல் மட்டும் இயந்திரத்தோடு போட்டி போட்டு வளர்ந்தது. வீட்டில் உப்பு கேட்டால் தெருக்கோடியில் இருப்பவர் எடுத்துக் கொடுத்துவிடலாம். வலது காது பாதி செவிடாகிவிட்டது. தனக்குப் பிடிக்காததை எவராவது பேசும்போது அந்தக் காதை அவர் பக்கமாகத் திருப்பிக்கொள்வார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, மூட்டை தைக்கும் நூலால் கட்டப்பட்டிருக்கிறது. இடுப்பில் அதே நூலை வெட்டும் பெரிய கத்தரிக்கோல் தொங்கும். அதை நூல் வெட்டுவதற்கு அவர் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. தொட்டிப் பக்கம் தொளதொள சட்டைக்கையோடு வருகிறவர், துண்டைத் தோளில் தொங்கவிட்டு வருகிறவர், பாவாடை நாடா வெளியே தெரிய வருகிறவர் எவரானாலும், தொங்குவதை முதலில் வெட்டிவிட்டுத்தான் “வாங்க” என்பார். ஊரில் நாற்பது சட்டைகளாவது அரைக்கைச் சட்டைகளாக மாறியது இப்படித்தான்.

வீட்டிலும் இதே ஆட்சி. தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். சமையலறையில் மிக்சியைப் போடுவதற்கு முன் தம்பி மனைவி, அவளுடைய இரண்டு பெண்கள், வந்திருக்கும் விருந்தாளி, எல்லோரும் கைதூக்க வேண்டும். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் பேச்சு பாதியில் இருக்கும்போது ஆறு பேராகக் கைதூக்கி நின்றதாகவும், அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவலே இல்லை என்றும் தம்பி மனைவி சொல்கிறாள். “போனா போகட்டும். கையத் தூக்க யோசிக்கிறவன் வீட்டுல பொண்ணு என்ன சுகப்படப் போறா?” என்பது அதற்குச் சுவிட்சக்காவின் தீர்ப்பு.

இவ்வளவும் எதற்கு என்றால், சுவிட்ச் இருக்கும் இடம் அப்படி. கட்டடம் கட்டியபோது மின்சாரக் கம்பி எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கத்திலேயே, சாமான் அறைக்குப் பின்சுவரில், சுவிட்சை வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு அடி ஒயர் மிச்சமாயிற்று. அங்கே நின்றால் தொட்டி தெரியாது. நடுவில் சுவர். ஒரு தொட்டிக் கலவை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே சுருள் தகட்டில் அப்பிக்கொண்டிருக்கும் கட்டிகளைக் கையை விட்டுத்தான் வழிக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினொரு தடவை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள், “போடலாமா?” என்று இந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். “போடலாம்” என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள். தம்பி அதைச் சொல்லவில்லை; அவர் குனிந்திருந்தார். சுவிட்சைப் போட்டவர் அக்கா.

அன்று முதல் அவர் சுவிட்சை ஆள்காட்டி விரலால் தொடுவதில்லை. ஆலையிலும் சரி, வீட்டு விளக்கிலும் சரி, கட்டைவிரல்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எண்ணுவதற்கு மட்டும் அந்த விரல்.

விபத்துக்குப் பிறகு நிர்வாகக் குழு அவசரமாகக் கூடி ஆழ்ந்து விவாதித்தது. ‘இனி கவனமாக இயக்கும்படி இயக்குபவரைக் குழு கேட்டுக்கொள்கிறது’ என்று தீர்மானம் போட்டது. பாதிக்கப்பட்டவருக்கு எடை மேடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையைக் கருணையோடு கொடுத்தது. தொட்டிக்கு மேலே ‘கவனம்’ என்று ஒரு பலகை மாட்டியது. ஒயரை நீட்டிச் சுவிட்சைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று சுவிட்சக்கா கொடுத்த மனு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அது பரிசீலிக்கப்பட்டது. வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பது மனுக்கள்; ஒன்பதும் பரிசீலிக்கப்பட்டன. இவ்வளவு பரிசீலனை வேறெந்த ஒயருக்கும் இந்தப் பூமியில் கிடைத்திருக்காது.

இந்த ஊருக்குத்தான் போன மாதம் பயிற்சி வந்தது.

கிராமங்களுக்குச் சொந்தமான நிறுவனங்களை நிதி அறிவாலும் பணியிடப் புதுமையாலும் வலுப்படுத்தும் திட்டம் என்று பெயர். பெயரை மூச்சு விடாமல் சொல்ல முடிந்தவர் நிர்வாகக் குழுத் தலைவர் ஒருவர்தான். ஆலை தொடங்கிய காலத்திலிருந்து மூட்டை தூக்கி, ஏழு வருஷத்துக்கு முன் தேர்தலில் நின்று, இன்று மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்தால் தும்முகிற அளவுக்கு முன்னேறியவர். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு சுறுசுறுப்பான மனிதர். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘புதுமை’ என்று இரண்டு முறை சொன்னதால், முதல் நாள் மதியத்துக்குள் ‘புதுமை சார்’ ஆகிவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, நீல நாடாவில். ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர், தொட்டிக்குள் ஆர்வமாகக் குனிந்தார். நாடா முன்னால் தொங்கியது. ‘கரக்’ என்று ஒரு சத்தம். அட்டை தவிட்டில் விழுந்தது.

“வாங்க சார்,” என்றார் சுவிட்சக்கா, கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டே.

மூட்டை தைக்கும் தையல்காரம்மா இதைச் சொல்லும்போது இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். மனிதர் தன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாராம், அட்டையோடு வேறெதுவும் போய்விட்டதா என்று.

முதல் இரண்டு நாட்கள் நிதி. முந்நூறு பேரில் அறுபது பேர் வந்தார்கள்; பிஸ்கட் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நூறு பேர். “முதலாளியும் நீங்கதான், தொழிலாளியும் நீங்கதான்,” என்று புதுமை சார் ஆரம்பித்தார். அப்படியானால் கூலி கூட்டிக் கேட்டு யாரோடு சண்டை போடுவது, கண்ணாடி முன்னால் நின்றா என்று சுவிட்சக்கா கேட்டது, பின்வரிசை வரை எல்லோருக்கும் கேட்டது. சாருக்கு மட்டும் கேட்கவில்லை. அடுத்து, செலவு வேறு, முதலீடு வேறு என்று பலகையில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டினார். இதைத் தலைவர் உடனே பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு அடி ஒயர் செலவு. ஐந்து நாள் பயிற்சி முதலீடு. கல்வியின் பயன் இவ்வளவு வேகமாக வெளிப்படுவது அபூர்வம்.

இரண்டாம் நாள் பாடம் தேய்மானம். இயந்திரம் உழைக்க உழைக்கத் தேய்கிறது. அதற்காக வருஷா வருஷம் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான் என்று புதுமை சார் உருக்கமாக விளக்கினார். சுவிட்சக்கா இரண்டு கைகளையும் தூக்கினார். அவருக்கு ஒரு கையைத் தூக்கத் தெரியாது.

“தேய்மானம் மிஷினுக்கு மட்டும்தானா சார்?”

சொத்து எதுவோ அதற்கெல்லாம் உண்டு என்றார் சார்.

“அப்போ எங்க தம்பி கை எதுல வரும்?”

தலைவர் மின்விசிறியின் இறக்கைகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். புதுமை சார் இது மிக நல்ல கேள்வி என்றார். நல்ல கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. பதில் சொன்னது தம்பிதான். “அது தள்ளுபடி ஆயிடுச்சுக்கா,” என்றார் பின்வரிசையிலிருந்து, வலது கையால் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தம்பி தன் கையைப் பற்றி அடிக்கும் எந்த நகைச்சுவைக்கும் அவர் சிரித்ததில்லை.

அந்தத் தம்பியும் ஒரு தனிப் பிறவிதான். பயிற்சியில் எல்லோருக்கும் கையுறை கொடுத்தார்கள். தனக்கு ஒன்று போதும் என்றார். ஜோடியாகத்தான் தர முடியும், ஜோடிக்குத்தான் கையெழுத்து வாங்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். ‘ஒரு ஜோடி பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இடது கையுறையை எடைத் தட்டின் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறார். அது எல்லோருக்கும் வணக்கம் சொல்வதுபோல் ஆடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் புதுமை. ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, பணியிடத்தைப் பற்றி ஒரு கனவு எழுதச் சொன்னார்கள். தையல்காரம்மா மின்விசிறி என்று எழுதினார். மூட்டை தூக்குபவர் ஒருவர், கனவு என்று சொன்னதை அப்படியே நம்பி, கனவில் வந்த ஒரு பாம்பை வரைந்து கொடுத்தார். சுவிட்சக்கா எழுதியது ஒரே வரி: ‘சுவிட்சைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கவும்.’ பத்தாவது மனு. புதுமை சார் சீட்டுகளைச் சுவரில் ஒட்டி மூன்றாகப் பிரித்தார். உடனே செய்ய வேண்டியவை ஒரு பக்கம். எதிர்காலத்தில் செய்ய வேண்டியவை ஒரு பக்கம். மூன்றாவதுக்குப் ‘பார்க்கிங்’ என்று பெயர். இப்போதைக்குப் பேச வேண்டாதவற்றை அங்கே நிறுத்திவைப்பார்களாம். சுவிட்சக்காவின் சீட்டு அங்கே போனது. பாம்பு எதிர்காலத்துக்குப் போனது.

“இது பிரச்சினைம்மா. நான் கேட்டது புதுமை. பெருசா யோசிங்க,” என்றார் சார்.

“பெருசாத்தான் சார் யோசிச்சேன். இருபத்திரண்டு அடி,” என்றார் சுவிட்சக்கா. வெளியே வந்து தையல்காரம்மாவிடம், ஆலையில் ஒரு சைக்கிள் நிறுத்த இடம் இல்லை, தன் சீட்டுக்கு மட்டும் நிறுத்த இடம் கிடைத்துவிட்டது பார் என்றாராம். சொன்ன குரலில் வழக்கமான சத்தம் இல்லை என்றும், அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்றும் தையல்காரம்மா சொல்கிறார்.

நான்காம் நாள் புதுமை சார் ஓட்டப்பந்தயக் கடிகாரம் ஒன்றோடு வந்து சுவரோரம் நின்றார். ‘கை’ என்றதும் அழுத்தினார். எட்டுப் பேர் நடந்து வந்து, நின்று, தூக்கி, எண்ணி முடித்து, பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டதும் மறுபடி அழுத்தினார். எழுபது நொடிகள். ஒரு நாளைக்குப் பதினொரு தடவை. பலகையில் பெருக்கிப் பெருக்கி, கடைசியில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். ஆண்டுக்கு எட்டு வேலை நாட்கள் வீண். ஊரின் பணம், ஊரின் நேரம், ஊரின் எதிர்காலம், எல்லாம் கைதூக்கியே கரைகிறது. ஊர் அதிர்ந்துபோயிற்று. ஒன்பது வருஷமாக ஒரு கைகூடப் போகவில்லையே என்பதைப் பெருக்கிக் காட்ட அந்தப் பலகையில் இடம் இருந்தது. சார் எழுதவில்லை.

“எட்டு நாள்தானே? லீவு விட்டதா நினைச்சுக்கோங்க,” என்றார் சுவிட்சக்கா.

யாரும் நினைத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே தீர்மானம். கைகளை எண்ணும் பழைய பழக்கம் அடுத்த திங்கள் முதல் ரத்து. தரையைக் கழுவிப் பச்சை வர்ணம் அடித்தார்கள். சுண்ணாம்புக் கோடு அதற்கு அடியில் போயிற்று. கோடு இருந்த இடத்தில் மஞ்சள் அம்புக்குறிகள் வந்தன. அவை எங்கே போகச் சொல்கின்றன என்று இன்றுவரை தெரியவில்லை. ஒன்று நேராகச் சுவருக்குப் போகிறது.

புதுமைகளின் சிகரம் ஐந்தாம் நாள் வந்தது. இயந்திரத்துக்கு ரிமோட். தலைவருடைய மருமகனின் கடையில் அது தற்செயலாகக் கிடைத்தது. கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி, ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். நூறு அடி தூரத்திலிருந்தும் வேலை செய்யும், சுவரைத் தாண்டியும் வேலை செய்யும், ஆலைக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை என்று மருமகன் விளக்கினான். தலைவர் சுவிட்சக்காவைக் கூப்பிட்டு, மற்றவர்களும் கேட்கும்படி, “ஒன்பது வருஷமா சுவிட்சை நகர்த்து நகர்த்துன்னு கேட்டீங்களே அக்கா, இப்போ பாருங்க, எங்க வேணும்னாலும் நகரும்,” என்றார். கோரிக்கை நிறைவேற்றப்பட்டதாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ரிமோட் ஊர்ச்சொத்து, தொலைந்துவிடக் கூடாது என்பதால் அதைத் தலைவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

தொடக்க விழா ஞாயிற்றுக்கிழமை. திட்டத்தின் மேலதிகாரி வந்து மேடையிலிருந்து பச்சைப் பொத்தானை அழுத்துவார், உள்ளே இயந்திரம் ஓடும், வெளியே கைதட்டுவார்கள். அதற்கு முந்தைய நாள் ஆலையைத் துடைத்துப் பளபளப்பாக்கும் வேலை நடந்தது. ஆள் போதாமல் எடை மேடையிலிருந்து தம்பியும் இறங்கி வந்து, தொட்டிக்குள் மரத்துடுப்பை விட்டு, சுருள் தகட்டில் காய்ந்திருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலைவர் அலுவலக அறையில் இருந்தார். விழாப் பந்தல் போட வந்தவரிடம் ரிமோட்டைக் காட்டி அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரைத் தாண்டியும் வேலை செய்யும் என்றார். மருமகன் பொய் சொல்லவில்லை.

சுவிட்சக்கா அப்போது சாமான் அறையில் இருந்தார். பெல்ட் ஓடும் சத்தம் கேட்டது. அவர் சுவிட்சைப் போடவில்லை.

அவர் ஓடிய ஓட்டத்தைத் தையல்காரம்மா சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. முதலில் பின்சுவருக்கு ஓடினார். மெயின் பியூஸைப் பிடுங்கி எறிந்தார். பிறகு தொட்டிக்கு. தம்பி தரையில் மல்லாக்கக் கிடந்தார். துடுப்பு மூன்று துண்டாகித் தொட்டிக்குள் கிடந்தது. துடுப்பைத் தகடு இழுத்த நொடியில் கையை விட்டிருக்கிறார். “ஒண்ணும் இல்லக்கா. நல்லவேளை, இழுத்துப் பிடிக்க இன்னொரு கை இல்ல,” என்று தம்பி சிரித்தார். சிரித்தவரை, சற்று நேரம் கழித்து, மூட்டை அடுக்குக்குப் பின்னால் தையல்காரம்மா பார்த்தார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அது தன்னுடையதுதானா என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? அப்பாடா,” என்றார். ஒத்திகை வெற்றி என்று சொல்லாததுதான் பாக்கி.

சுவிட்சக்கா ரிமோட்டைக் கேட்டார். விழா முடியட்டும் என்றார் தலைவர்; திங்கள் முதல் எப்படியும் தன் பையிலிருந்துதான் ஓடப்போகிறது, அக்கா சிரமப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார். சுவிட்சக்கா குனிந்து துடுப்பின் துண்டுகளைப் பொறுக்கினார். மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணினார். கோடு இருந்த இடத்தில் அவற்றை வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள், தொழிலாளர் சார்பாக மேடையேறி ரிமோட்டைத் தட்டில் வைத்து அதிகாரியிடம் நீட்ட ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலையைச் சுவிட்சக்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். “அக்காவுக்கு இப்பத்தான் புதுமை புரிஞ்சிருக்கு,” என்று தலைவர் புதுமை சாரிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆலை முற்றத்தில் பந்தல். முந்நூறு முதலாளிகளும் நாற்காலிகளில். முன்வரிசையில் ஆலையின் எட்டுப் பேர், பச்சைச் சட்டையில், நடுவில் தம்பி. மேடையில் தலைவர், மேலதிகாரி, புதுமை சார். தலைவர் திட்டத்தின் பெயரை மூச்சு விடாமல் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அதிகாரிக்கு அடுத்து இன்னொரு ஊரில் இன்னொரு பொத்தான் இருந்ததால் மணியைப் பார்த்துக்கொண்டார். தட்டோடு சுவிட்சக்கா ஏறினார். இடுப்பில் கத்தரிக்கோல் இருந்தது; அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அதிகாரியின் அருகில் வந்தவர் தட்டை நீட்டவில்லை. நாற்காலிக்கு முன்னால் இருந்த சிறு மேசையில் வைத்தார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவையே இல்லை. இருந்தும் அதன் முன்னால் போய் நின்றார்.

“கை.”

முன்வரிசை எழுந்தது. பதினைந்து கைகள் மேலே போயின. அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒரு தடவையாவது ஆலையில் வேலை பார்க்காத வீடு அந்த ஊரில் இல்லை. அந்தக் குரலுக்கு ஒரு தடவையாவது கைதூக்காத ஆளும் இல்லை. இரண்டாம் வரிசை எழுந்தது, ஐந்தாம் வரிசை எழுந்தது, பந்தலின் கடைசியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் தூக்கினார். மேடையில் தலைவரின் கைகளும் அவரைக் கேட்காமலே எழுந்துவிட்டன. தலைவராவதற்கு முன் இரண்டு வருஷம், நாளுக்குப் பதினொரு தடவை தூக்கிய கைகள் அவை; தேர்தல் நடந்தது அவற்றுக்குத் தெரியாது. தலைவரே தூக்கியதைப் பார்த்த மேலதிகாரி, ஏதோ உறுதிமொழி போலிருக்கிறது என்று நினைத்து எழுந்து தானும் தூக்கினார். புதுமை சாரின் வலது கையில் ஓட்டப்பந்தயக் கடிகாரம் இருந்தது. அதோடு தூக்கினார்.

மேசைமேல் ரிமோட் தனியாக இருந்தது. அதை எடுக்க அந்த இடத்தில் ஒரு கையும் மிச்சம் இல்லை.

சுவிட்சக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலை நீட்டினார். முன்வரிசையில் தொடங்கினார். தம்பியிடம் வந்தபோது ஒரு கையை எண்ணி, அடுத்தவருக்குப் போனார். அவசரப்படவில்லை. பதினைந்தைத் தாண்டினார். நூறைத் தாண்டினார். தலைவரின் முகத்தில் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை இல்லை. தலைவர் ஒருமுறை “அக்கா” என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அது வலது காதுப் பக்கம்.

“இருநூத்திப் பதினொண்ணு, இருநூத்திப் பன்னெண்டு...”

மேலதிகாரி இன்னொரு ஊரையும் இன்னொரு பொத்தானையும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய வலது கை மெல்ல இறங்கி, மேசையை நோக்கி வந்தது.

சுவிட்சக்கா எண்ணுவதை நிறுத்தினார். அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கை வந்த வழியே மேலே போகும்வரை பார்த்தார். பிறகு முன்வரிசைக்குத் திரும்பி, ஆள்காட்டி விரலை நீட்டினார்.

“ஒண்ணு.”